பாட்டுக்கு முந்தைய ஐந்து விநாடி

ஒரகடம் கூட்ரோடு
13 ஜூன் 2025, வெள்ளி இரவு

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் அழித்துவிடு. உன்னோடு இருக்கிற அவருக்குக்கூடக் காட்டாதே.

கம்பெனி பஸ்ஸில் போடுவதற்குப் பாட்டு ஏற்றிக்கொள்ள டிரைவர் அன்பு அண்ணன் சனிக்கிழமைதோறும் நம் கடைக்கு வருகிறார். நீ வேலைக்குப் போவது அவர் பஸ்ஸில்தான் என்று போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னார். நாளை பென்டிரைவைக் கொடுக்கும்போது, ஏழாவது ட்ராக் நாதஸ்வரத்துக்கு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உன்னிடம் கேட்கும்படி அவரிடம் சொல்லப்போகிறேன். அவருக்கு ஒன்றும் புரியாது. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். பாட்டு ஃபைலில் பெயர், பாடகர், வகை என்று டேக் போட எனக்குக் கற்றுக்கொடுத்தபோது, பாட்டு வரி எழுதுகிற கட்டத்தைக் காட்டி, "இத எவனும் தொறந்தே பார்க்க மாட்டான்" என்றாய். நாதஸ்வரத்துக்கு வரி கிடையாது. அந்தக் காலிக் கட்டத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீ ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனபிறகு அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் 'அது' என்கிறார். அம்மாவின் போனில் உன் நம்பரை அவரே அழித்தார். உன்னோடு பேசியது தெரிந்தால் என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்வார்.

ஆனால் உன் குரல் போகவில்லை. நீ ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒட்டிவைத்த "யாக்கோபு சவுண்ட் சர்வீஸ், ஒரகடம் கூட்ரோடு" அப்படியே இருக்கிறது. போன வாரம் குன்றத்தூரில் ஒரு காதுகுத்து. பாட்டுக்குப் பாட்டு நீ பேசினாய். மாப்பிள்ளை முறைக்காரர் ஒருவர் பந்தலிலிருந்து, "இன்னா யாக்கோபு, பொண்ணு ஓடிப்போச்சுன்னாங்க, இங்கதான பேசினு கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஹார்ன் ஸ்பீக்கர் கட்டுகிற சுப்பிரமணி மாமா மட்டும், "வுடு யாக்கோபு. அந்தக் கொரலு இல்லன்னா நம்ம செட்டுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "தாமர, அது கொரலு ஒரு பாட்டுல கூட இருக்கக் கூடாது. ஆடி பொறக்கறதுக்குள்ள தொடச்சிடு. உன்னால முடியலன்னா சொல்லு, டிஸ்க மொத்தமா ஃபார்மேட் அடிச்சுடறேன்."

ஃபார்மேட் அடித்தால் பாட்டு போகும், உன் குரல் போகும், இந்தக் கட்டமும் போகும். துடைக்க எனக்கு மனமில்லை. துடைக்காமலிருக்கத் தைரியமும் இல்லை. என்ன செய்யட்டும்?

இதை எழுதும்போது ஷட்டர் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் கை நின்றுவிடுகிறது. அப்பா தட்ட மாட்டார், உனக்குத் தெரியும். கையில் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், காலால் உதைப்பார். நீதான் பூட்டில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து மூன்று தடவை தட்டுவாய். இப்போதெல்லாம் உதை மட்டும்தான்.

செந்தாமரை

•

இருங்காட்டுக்கோட்டை
18 ஜூன், புதன்

தாமரை,

அன்பு அண்ணன் மொத்த பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "எழிலு, நாதஸ்வரத்துக்கு வரி கீதான்னு உன் தங்கச்சி கேக்குது. பரீச்சையில வருமா இன்னா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் இறங்கும்போது, ஒரு ராத்திரிக்குப் பென்டிரைவை வாங்கிக்கொண்டேன். அதே கட்டத்தில் பதில் எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறேன். ஒரே அறை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு ஜன்னல். இந்த வாரம் பி ஷிஃப்ட், மதியம் போனால் நடுராத்திரிதான் வீடு. கார் வயர்களுக்கு லேபிள் ஒட்டுகிற லைனில் இருக்கிறேன். எந்த வயர் எங்கே போக வேண்டுமோ அதன் பெயரை ஒட்டி அனுப்புவது. அப்பா கடையில் பாட்டுக்குச் செய்த அதே வேலை. இங்கே மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். லைனில் எல்லோர் காதிலும் பஞ்சு. என் குரலை அடையாளம் தெரிந்த ஒரு ஆளும் இந்த ஊரில் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: துடைத்துவிடு.

வேண்டாம் என்பவர் வீட்டில் என் குரல் எதற்குப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்? உனக்குப் பெரிய வேலையும் இல்லை. நான் ஒரே ஒரு தடவைதான் பேசினேன், அதையே எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். சரியாக ஐந்து விநாடி. வெட்டுகிற சாஃப்ட்வேரைத் திற. எல்லாவற்றையும் செலக்ட் செய். ஆரம்பத்திலிருந்து ஐந்து விநாடி வெட்டு என்று கொடு. பழைய ஃபைலின் மேலேயே சேவ் ஆகட்டும், டிஸ்க்கில் இடம் கிடையாது. இரவு ஓடவிட்டுத் தூங்கு. காலையில் நான் இருக்க மாட்டேன்.

அழாதே. ப்ளஸ் டூ ஒழுங்காகப் படி. பிறகு ஒன்று. 'அவர்' என்று எழுதாதே, அவருக்கு ஜெகதீஷ் என்று பெயர் இருக்கிறது. மாமா என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

எழிலரசி

•

ஒரகடம் கூட்ரோடு
27 ஜூன், வெள்ளி இரவு

அக்கா,

செய்துவிட்டேன்.

அதற்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் மேலிருந்து கீழே பார்த்தேன். வகை என்கிற கட்டத்தில் நீ போட்டு வைத்திருக்கிறாய்: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அம்மன், கிறிஸ்துமஸ். பீகார் பையன்கள் கொண்டுவந்து கொடுத்த பாட்டுகளின் பெயரைப் படிக்கத் தெரியாமல் 'பீகார் குத்து', 'பீகார் சோகம்' என்று போட்டிருக்கிறாய். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட் பெயர் இருந்த பாட்டையெல்லாம் திருத்தியிருக்கிறாய். கடைசியில் கொஞ்சம் பாட்டுகளுக்கு வகைக் கட்டம் காலியாக இருந்தது. அடுக்க நேரம் கிடைக்காமல் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். நீ சொன்னபடி எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஓடவிட்டேன்.

காலையில் அப்பா வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். ஒரு பாட்டைப் போட்டார். பாட்டு நேராகத் தொடங்கியது. வேறொன்றைப் போட்டார். அதுவும் நேராகத் தொடங்கியது. "ம்" என்றார். மூன்றாவது போடவில்லை.

அன்றைக்கு அம்மா உப்புப் போடாமல் குழம்பு வைத்துவிட்டாள். அப்பா அதையே பிசைந்து சாப்பிட்டார்.

செந்தாமரை

•

ஒரகடம் கூட்ரோடு
4 ஜூலை, வெள்ளி இரவு

அக்கா,

நீ பதில் போடவில்லை. ஓவர்டைம் இருந்திருக்கும். ஒரு தவறு நடந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏரிக்கரைத் தெருவில் எல்லப்பன் பெரியவர் இறந்துபோனார். அப்பாவும் சுப்பிரமணி மாமாவும் செட்டோடு போனார்கள். மாமாவுக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் வலி. ஏணியில் ஏறாதே என்றால் கேட்பதில்லை. நானும் அம்மாவும் மாலை வாங்கிக்கொண்டு போனோம்.

சாவுப் பாட்டு தொடங்கும்போது மேளம் வருவதற்கு முன் ஒரு நீண்ட இழுப்பு வரும், அந்த இழுப்பில்தான் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்காருவார்கள். அன்று இழுப்பு வரவில்லை. நடுவார்த்தையில் பாட்டு குதித்து வந்தது. உட்காரப் போன பெண்கள் பாதி குனிந்தபடியே நின்றார்கள். அப்பா அடுத்த பாட்டுக்கு மாற்றினார். அதுவும் அப்படியே. எல்லப்பனின் மகள் சந்திரலேகா அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா யாக்கோபண்ணா, எங்கப்பனுக்குப் போட்ற பாட்டு தலையில்லாத முண்டமா கீது? அவரு ஒனக்கு இன்னா கெடுதல் பண்ணாரு?"

அப்பா செட்டை அணைத்துவிட்டார். பிணம் எடுக்கும்வரை பறை மட்டும்தான். அணைத்த ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலேயே அவர் நின்றிருந்தார். சுப்பிரமணி மாமா ஏணியிலிருந்து இறங்கி வந்து, "நான் செத்தா ஒழுங்கா போட்ரு, யாக்கோபு. இல்லாங்காட்டி எழுந்து வந்து ஹார்ன கழட்டினு போய்டுவேன்" என்றார். அதற்கும் அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "பாட்ட இன்னாடி பண்ண?"

"எல்லாத்துலயும் மொதல் அஞ்சு செகண்டு வெட்டிட்டேம்ப்பா. அக்கா கொரலு..."

"சாவுப் பாட்டுல அது கொரலே கெடையாதுடி! இல்லாத கொரல எதுக்கு வெட்டுன?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று.

அந்தக் காலிக் கட்டங்கள் எல்லாம் சாவுப் பாட்டு என்று பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ ஏன் அதற்கு வகை போடவில்லை? இந்த வாரம் பக்கத்தில் இரண்டு சாவு. இரண்டுக்கும் படப்பை செட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெட்டாத பாட்டு உன்னிடம் எங்காவது இருக்கிறதா?

செந்தாமரை

•

இருங்காட்டுக்கோட்டை
9 ஜூலை, புதன்

தாமரை,

முதலில் ஒன்று. எல்லாவற்றையும் செலக்ட் செய் என்று எழுதியது நான். கோபத்தில் எழுதினேன். நீ அதைச் சுமக்க வேண்டாம்.

காலி என்றால் அடுக்காதது என்று அர்த்தமில்லை. கல்யாண வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருப்போம், மணமேடையிலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கே போய் 'சாவு' என்று ஒரு வரி பளபளவென்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் எழுதவில்லை. காலியாக விட்டதுதான் அதற்கு நான் போட்ட வகை. அப்பாவுக்கு அது தெரியும்.

குரல் ஒட்டாததும் நானாகச் செய்ததுதான். சாவு வீட்டில் போய் நம் கடைப் பெயரைக் கத்துவது அசிங்கமாகத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சாவுக்குப் போனபோது அப்பா தானே கவனித்திருக்கிறார். அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் போய் எனக்கு மட்டும் பரோட்டா வாங்கிவந்தார். உனக்கு ஏன் இல்லை என்று நீ அழுதாய். ஞாபகம் இருக்கிறதா?

வெட்டாத பாட்டு இருக்கிறது. மொத்த லைப்ரரியும் என்னிடம் இருக்கிறது. வீட்டை விட்டு வரும்போது துணிமணிகூட எடுக்கவில்லை, ஜெகதீஷின் ஹார்ட் டிஸ்க்கில் அதை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷ வேலை அது.

ஆனால் அனுப்ப மாட்டேன்.

நீ கேட்டாய், சரி. நீ கேட்டால் எதையும் தருவேன், இதைத் தவிர. என்னைத் துடைக்கச் சொன்னவர் கேட்கட்டும். 'அது' வேண்டாம், 'அது' அடுக்கி வைத்தது மட்டும் வேண்டுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டார். எனக்கும் தெரியும்.

ஜெகதீஷ், "பாட்டுதான, குடுத்துடு, செத்தவங்க இன்னா பண்ணாங்க" என்கிறார். அவர் சொல்வது சரிதான். சரியானதை எல்லாம் செய்ய முடிகிறதா?

எழிலரசி

•

ஒரகடம் கூட்ரோடு
18 ஜூலை, வெள்ளி இரவு

அக்கா,

இது உன்னிடம் வந்து சேருமா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அன்பு அண்ணன் வந்தபோது அப்பா கடையில் இருந்தார். நான் கையை நீட்டுவதற்குள் பென்டிரைவை அவர் வாங்கிக்கொண்டார்.

"இன்னாபா அன்பு, வாரா வாரம் பாட்டு ஏத்தினு போற. தெனம் காலைல கூட்ரோட்ல வண்டிய நிறுத்தறப்போ கேக்கறேன். போன மாசம் போட்ட பாட்டேதான் ஓடினு கீது. பாட்டு வாங்க வர்றியா, குடுக்க வர்றியா?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும். அக்காவும் தங்கச்சியும் நாதஸ்வரத்துக்கு வரி எழுதிக்கிறாங்க. நான் வண்டி ஓட்றவன்."

அப்பா என்னைப் பார்த்தார். பென்டிரைவைத் தானே சொருகி, "தொற" என்றார். திறந்தேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இருந்தது. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பரோட்டா வந்த இடத்தில் விரல் நின்றது. 'அது' வந்த இடத்தில் இன்னும் அதிக நேரம் நின்றது. அன்பு அண்ணன் எப்போது போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

என் ஸ்கூல் பையை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்கு அப்படி யோசித்தேன் என்று இப்போது புரியவில்லை.

கடைசியில், "இது மொத்தமும் அவகிட்ட கீதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். யாரும் நிறுத்தவில்லை. அதுதான் அதிக பயமாக இருந்தது.

இன்று மதியம் சுப்பிரமணி மாமா இறந்துவிட்டார். ஏணியில் இல்லை, வீட்டில், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எடுப்பது நாளைக் காலை. அவர் மகன் வந்து, "செட்டு போட்டுடுங்க மாமா" என்று மட்டும் சொன்னான். அப்பா ஹார்ன்களை எடுத்து வெளியே வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து காலிக் கட்டப் பாட்டு ஒன்றைப் போட்டார். நடுவார்த்தையில் தொடங்கியது. அணைத்தார். மறுபடியும் போட்டார். மறுபடியும் அணைத்தார்.

"படப்பை செட்ட கூப்பிட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

"அவனுக்கா? படப்பை செட்டா?" என்றார்.

பிறகு அம்மாவின் போனை எடுத்து அன்பு அண்ணனைக் கூப்பிட்டார். "அன்பு, எழிலு வூடு எங்க கீது? இல்ல, போன் நம்பர் வேணாம். போன்ல கேக்கற விஷயம் இல்ல. வூட்டைச் சொல்லு" என்றார். உன் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். இருட்டி நேரமாகிறது. இன்னும் வரவில்லை.

"பாட்ட வாங்கினு வந்துடுவாரு, அவ்ளோதான். நீ ரொம்ப எதிர்பார்த்துக்கினு உக்காராத" என்கிறாள் அம்மா. ஆனால் ராத்திரிக்கு அரிசி அதிகமாகப் போட்டிருக்கிறாள். நானும் ஒன்றைப் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை. டிவிஎஸ்ஸின் பின்சீட்டில் எப்போதும் கட்டியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி கடை வாசலில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டு வாங்க மட்டும் போகிறவர் அதை ஏன் அவிழ்க்க வேண்டும்?

நீ கதவைத் திறந்தாயா, என்ன சொன்னாய், அவர் என்ன கேட்டார், கேட்டாரா இல்லை பென்டிரைவை நீட்டிக்கொண்டு சும்மா நின்றாரா, எனக்கு எதுவும் தெரியாது. பி ஷிஃப்ட்டாக இருந்தால் நீ வீட்டிலேயே இருந்திருக்க மாட்டாய். ஜெகதீஷ் மாமா திறந்திருப்பார். அவரை அப்பா என்னவென்று கூப்பிடுவார்?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் ஒரு பாட்டிலிருந்து உன் ஐந்து விநாடியை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அதற்குப் பெயர் போடவில்லை. பாடகர் பெயர் போடவில்லை. வகையும் போடவில்லை. எல்லாக் கட்டமும் காலி. அப்பா கேட்டால் அடுக்காதது என்று சொல்லலாம் என்றிருந்தேன். நீ வந்து எங்கே ஒட்டச் சொல்கிறாயோ அங்கே

ஷட்டரில் உதை விழுந்தது. அப்பாதான். இதை மூட வேண்டும். அம்மா எழுந்துவிட்டாள், விளக்கைப் போடுகிறாள்.

இரு. பூட்டில் காசு தட்டுகிறது. ஒன்று, இரண்